ஆரஞ்சுக் கட்டம்

மதியம் பன்னிரண்டே கால். வகுப்பின் நடுவில் வாத்தியாரம்மாவின் போன் அதிர்ந்தது. திரையில் கொழுந்தன்.

"அண்ணி, அந்த இருபத்தி மூணாம் கட்டம் ஞாபகம் இருக்கா?"

குரல் கிசுகிசுத்தது. 

லிஃப்ட் மெக்கானிக் பயிற்சிக்கூடம் அது. ஒவ்வொருவருக்கும் ஒரு திறன் வரைபடம். ஒரே தாளில் நாற்பது அறுகோணக் கட்டங்கள். எல்லாரும் அதைத் 'தேன்கூடு' என்றுதான் சொல்வார்கள். ஒரு கட்டம் ஒரு வேலை. பக்கத்தில் ஆள் நின்று சொல்லிக்கொடுக்கச் செய்தால் ஆரஞ்சு. துணையில்லாமல் மூன்று முறை செய்தால் பச்சை. வயது வந்த ஆட்களுக்கு மார்க் போட்டால் முகம் சுண்டிப்போகிறது, வண்ணம் போடலாம் என்று யோசனை சொன்னவளே அவள்தான்.

இருபத்து மூன்று என்பது, கரண்ட் போய் நடுவழியில் நின்ற லிஃப்டைக் கையால் நகர்த்தி ஆட்களை இறக்குவது. முதலில் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்ட வேண்டும். பிறகு ஒரு கை மோட்டார் சக்கரத்தில். மறு கையால் பிரேக்கைத் துளித்துளியாக விட வேண்டும். ஒரேயடியாக விட்டால் தொலைந்தது. உள்ளே ஆள் குறைவு என்றால் மறுபக்க எடை இழுத்து லிஃப்ட் மேலே பறக்கும்.

கொழுந்தன் அதைச் செய்தது ஒரே முறை. அப்போதும் சக்கரத்தில் இருந்தது அவள் கை. வீட்டில் அவனுக்குப் பட்டப்பெயரே 'அவசரம்'. பழைய வேலை போய், ரெண்டு பிள்ளைகளோடு ஒரு வருஷம் திண்டாடி, முப்பத்தாறு வயதில் படிக்க வந்தவன். கம்பெனியில் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறது.

விஷயத்தைக் கொட்டினான். ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நிற்கிறது. உள்ளே மூன்று பேர்; ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்குகிறது. சீனியர் மெக்கானிக் வர ஒரு மணி நேரமாகும். உன் தேன்கூட்டில் இருபத்து மூன்று இருக்கிறதே, இறக்கு என்கிறாராம் சூப்பர்வைசர்.

"தொடாதே. உனக்கு அது ஆரஞ்சு."

"சொன்னேன் அண்ணி. கேக்க மாட்டேங்கிறார். இருங்க, அவர்தான் கூப்பிடுறார்."

லைன் அறுந்தது.

அவள் சூப்பர்வைசரைப் போனில் பிடித்தாள். மனுஷர் கோபப்படவில்லை, பொறுமையாகவே பேசினார்.

"மேடம், எங்களுக்கு வந்தது கருப்பு வெள்ளை நகல். அதுல ஆரஞ்சும் இல்லை, பச்சையும் இல்லை. கட்டம் நிறைஞ்சிருக்கு. அவன் மேலே போயிட்டான்."

ஆபீசுக்கு ஓடினாள். அசல் தாளை நகலெடுக்கும் மெஷினில் வைத்து அழுத்தினாள். சூடாக வந்து விழுந்தது காகிதம். நாற்பது கட்டமும் ஒரே சாம்பல். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இவள் போட்டது பதினோரு பேர் தலையில். இந்த வருஷம் கம்பெனிகளுக்குப் போனவை பதினோரு தேன்கூடுகள்.

கொழுந்தனுக்கு அடித்தாள். திரும்பத் திரும்பப் போன் அடித்தாள். ரிங் போனது, எடுக்கவில்லை. 

இருபத்தைந்து நிமிஷம் கழித்து அவனே கூப்பிட்டான். சிரிப்பு காதைத் துளைத்தது.

"இறக்கிட்டேன் அண்ணி. மூணு பேரும் பத்திரம்."

 நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மெயினை அணைச்சுப் பூட்டினியா?"

"கரண்ட்தான் இல்லையே, எதைப் போய் அணைக்கிறது? பெரியவர் வெளியே வந்து தண்ணி குடிக்கும்போதுதான் கரண்டே வந்துச்சு."

நாலு வாய்த் தண்ணீர். அவ்வளவுதான் இடைவெளி. அது கொஞ்சம் முன்னால் வந்திருந்தால், அவன் கை சக்கரத்தில் இருக்கும்போதே மோட்டார் சுழன்றிருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. இவனோ, தானே மரத்தை உலுக்கியதாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

சாயங்காலம் குடும்பத்தோடு அவள் வீட்டுக்கு வந்து நின்றான். நாளையிலிருந்து பன்னிரண்டு கட்டடம் அவன் பொறுப்பாம், தனியாக; அதில் மூன்று பயிற்சிக்கூடத் தெருவிலேயே. அவள் எடுத்துச் சொன்னாள். அவன் தலையாட்டினான், காதில் ஏறவில்லை. இனிமேல் பூட்டிடுறேன், விடுங்க என்றான்.

ஓரகத்திதான் அவளைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "அக்கா, ஒரு வருஷம் அவர் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கலை. இன்னிக்குத்தான் பிள்ளைங்ககூட உக்காந்து சாப்பிட்டார். அந்தக் கட்டத்தைப் பச்சை பண்ணிடுங்க. இல்லன்னா சும்மாவாவது இருங்க."

அவள் இரண்டையும் செய்யவில்லை. காலையில் முதல் வேலையாகத் தாளில் கொட்டை எழுத்தில் 'துணையோடு மட்டும்' என்று எழுதி, சூப்பர்வைசருக்கு அனுப்பினாள். மற்றப் பத்துப் பேரின் தாள்களையும் திருத்தி அனுப்ப வேண்டும் என்று முதல்வரிடம் கேட்டாள். கொடுத்த தாளைத் திரும்பக் கேட்டால் பயிற்சிக்கூடத்தின் பேர் என்னாவது என்றார் அவர்.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். அவர் சிரித்தார்.

"மேடம், அவன் செஞ்சே காட்டிட்டான். இனிமே தாள் எதுக்கு?"

 ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, கையால் செய்துகாட்டு என்று வருஷம் முழுக்க வகுப்பில் சொல்பவளும் அவள்தானே.

பத்து மணி பத்து. பயிற்சிக்கூடத்தில் விளக்குகள் பட்டென்று அணைந்தன. மின்விசிறி தேய்ந்து நின்றது. ஜன்னல் வழியே பார்த்தாள். எதிர்க் கடைகளும் இருட்டு. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை.

போனை எடுத்துக் கொழுந்தனுக்கு அடித்தாள்.

ரிங் போய்க்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. இரண்டு கையும் வேலையாக இருந்தால் எப்படி எடுப்பான்?

போனைக் காதில் வைத்தபடி, அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது எரிந்துவிடக் கூடாதே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டாள்.