தலைவரின் விபூதிப் பை

அம்மன் கோயில் தலைவர் கதிரையில் வேறு எவருடைய சூடும் படவிடாமல் பல வருடமாகக் காத்து வந்தவர் முத்துக்குமாரு. இன்று தேர். பின்னேரம் பொதுக்கூட்டம், புதிய தலைவர் தெரிவு. எதிர்த்து நிற்கும் ஆழ்வாப்பிள்ளை மயிலிட்டித் துறை முழுக்க ஒரே கதையைத்தான் சொல்லித் திரிந்தார்: "அண்ணைக்கு இப்ப மூச்சுக் காணாது."

அது உண்மை என்பதுதான் முத்துக்குமாருவின் கோபம்.

தொய்வு என்ற ஆஸ்துமா நோய் ஒழுங்கில்லாத மனுசருக்கு வருவது என்று அவர் மேடையேறிச் சொன்னவர். ஆகவே கிளினிக்கில் தந்த, மருந்தை வாயால் இழுக்கும் நீலப் பம்ப் விபூதிப் பைக்குள் போயிற்று. மூச்சுமுட்டு வந்தால் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு இழுப்பார். தலைவர் தியானத்தில் இருக்கிறார் என்று பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள்.

டொக்டர் தந்தது இரண்டு பம்ப். மண்ணிறம் தினமும், நீலம் முட்டு வந்தால் மட்டும். "நீலம் அடிக்கடி தேவைப்பட்டால் நோய் வருத்தம் கூடுது எண்டு அர்த்தம். கனக்க அடிச்சால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இழுத்தும் இளகேல்லையெண்டால் மினைக்கெடாமல் ஆஸ்பத்திரிக்கு வாங்கோ" என்றார். முத்துக்குமாரு தலையாட்டினார். பிறருடைய பேச்சை அவர் கேட்பது எப்போதும் அப்படித்தான். மண்ணிறம் உடனே ஒன்றும் செய்து காட்டாத மருந்து என்பதால் அது பெட்டி பிரிபடாமல் அலுமாரிக்குள் கிடந்தது.

வடம் பிடிக்க முன்னரே கற்பூரப் புகையும் சாம்பிராணியும் தேரடியை மூடிவிட்டன. தலைவரின் நெஞ்சு இறுகியது. சால்வைக்குள் அடித்தார், இளகவில்லை. ஜெனரேற்றருக்குப் பின்னால் ஒதுங்கி, அவசர அவசரமாக மேலும் மேலும் அடித்தார். பாதி நெஞ்சுக்குப் போனது, பாதி சால்வைக்கு.

திரும்பி வந்து தேங்காயைத் தூக்கியபோது கை வெடவெடவென்று நடுங்கியது. நெஞ்சுக்குள் தவிலை விட வேகமாக ஏதோ அடித்தது. கண்கள் பிதுங்க, தோள்கள் ஏறி இறங்கின.

"அம்மாள் இறங்கிட்டா," என்றாள் முன்வரிசையில் நின்ற நல்லம்மா.

சனம் கும்பிட்டபடி நெருங்கியது. இன்னும் நாலைந்து கற்பூரத் தட்டுகள் முகத்துக்கு நேரே வந்தன.

"தாயே, என்ரை பெடியனுக்கு விசா சரிவருமோ?"

தலை தானாக ஆடியது.

"ஓம் எண்டிட்டா," என்று நல்லம்மா விழுந்து அழுதாள்.

ஆழ்வாப்பிள்ளையின் முகம் கறுத்ததை முத்துக்குமாரு கண்டார். அந்தத் திணறலிலும் அவருக்கு அது தித்தித்தது. அம்மாள் இறங்கிய ஆளுக்கு எதிராக எவன் கை உயர்த்துவான்? கொஞ்சம் பொறுத்தால் கதிரை சாகும்வரை அவருக்குத்தான்.

அடுத்த மூச்சு வரவில்லை. சாகும்வரை என்பது இன்றுவரையாகவும் இருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது.

மனைவி இராசமலர் சனத்தை இடித்துக்கொண்டு வந்தாள். "விடுங்கோ, உது உரு இல்லை, வருத்தம்."

"அம்மாளைப் பழிக்காதை பிள்ளை," என்று நல்லம்மா அவளுடைய நெற்றியில் குங்குமத்தை அப்பினாள்.

உதடு நீலம் பாய, முத்துக்குமாரு சுற்றிப் பார்த்தார். தன்மேல் அம்மாள் இறங்கினாள் என்பதை நம்பவே விரும்பாத ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். எட்டி அவருடைய வேட்டியைப் பிடித்தார்.

"ஆழ்வாப்பிள்ளை… எனக்குத் தொய்வு."

ஆழ்வாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. மைக்கைப் பறித்தார்.

"அம்பாள் அடியார்களே, அமைதி. தலைவருக்கு உருவுமில்லை, ஒண்டுமில்லை. தொய்வு. கன காலமாத் தொய்வு. கற்பூரத்தை ஊதி நூருங்கோ, வழி விடுங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போக என்ரை வான் நிக்குது."

பனைமரங்களில் கட்டியிருந்த லவுட்ஸ்பீக்கர்கள் எல்லாம் அதையே சொல்ல, சனம் இரண்டாகப் பிரிந்தது. கடற்காற்று முகத்தில் அடித்தது. வானுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் ஆழ்வாப்பிள்ளைதான் முன்னுக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் மூடிய முகமூடிக்குள் மருந்து ஆவியாக வந்தது. பின்னேரம் நெஞ்சு இளகியது. தாதி ஆரணி மண்ணிறப் பம்பை நீட்டினாள். "இது ஒவ்வொரு நாளும், ஐயா. பிறகு வாய் கொப்புளிக்கவேணும். இப்ப குலுக்குங்கோ. மூச்சை வெளியிலை விட்டிட்டு, இழுக்கத் தொடங்கேக்கை அமத்துங்கோ. மெல்ல இழுத்து, அப்பிடியே பிடியுங்கோ."

அவர் இழுத்தார். அந்த நேரம் பார்த்து இராசமலரின் போனில், கோயில் நேரலையில், ஆழ்வாப்பிள்ளையின் குரல்: "எங்கடை முன்னாள் தலைவர் கெதியாச் சுகம் பெற அம்பாளை வேண்டி, கூட்டத்தைத் தொடங்குவம்."

முன்னாள். கூட்டம் இன்னும் தொடங்கவே இல்லை. பதில் தொண்டைவரை வந்துவிட்டது.

"கதையாதையுங்கோ ஐயா. பிடியுங்கோ."

முத்துக்குமாரு பிடித்துக்கொண்டிருந்தார்.