முடிஞ்சா வாங்க

திருப்பூர்த் தனியார் பள்ளித் தாளாளர்களுக்கு மனிதவள நிர்வாகம் சொல்லிக்கொடுக்க விஜயராணியை அழைத்திருந்தார்கள். பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் ஹெச்.ஆர். மேனேஜர் அவள். பாடப் புத்தகம் பக்கமே போகவில்லை. "உங்க ஸ்கூல்ல இப்ப தலைவலியா இருக்கற ஒரு பிரச்சினையச் சொல்லுங்க. இங்கேயே தீர்த்துருவோம்" என்று ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் எழுந்தவர் வெள்ளியங்கிரி. நல்லூரில் பனியன் கம்பெனியும் மெட்ரிகுலேஷன் பள்ளியும் நடத்துகிறவர். சட்டையிலும் கசங்கல் கிடையாது, பேச்சிலும் கிடையாது.

"கணக்கு டீச்சர் அனுசுயான்னு, மதுரப் பக்கத்துப் புள்ளைங்க. பாடமெல்லாம் அருமையா நடத்துமுங்க. மருவாதிதான் துளியும் இல்லீங்க. நாளைக்கு நிறுத்திப்போடலாம்னு இருக்கறனுங்க."

"என்ன பண்ணாங்க?"

"போன ஞாயித்துக்கெழம பத்தாவதுக்கு ஸ்பெஷல் கிளாஸ். 'முடிஞ்சா வாங்க டீச்சர்'னு நானே நேர்ல சொன்னனுங்க. 'முடியாது சார்'னு பட்டுனு சொல்லிட்டுப் போயிருச்சுங்க. அப்படிச் சொன்னாலும் வந்துருமுன்னு பசங்களை வரச்சொல்லிப்போட்டனுங்க. வரவே இல்லீங்க!"

கூட்டம் மொத்தமும் உச்சுக்கொட்டியது.

விஜயராணிக்குச் சுருக்கென்றது. உசிலம்பட்டியிலிருந்து வந்து திருப்பூரில் அவள் சேர்ந்த முதல் வேலை இதே வார்த்தையில்தான் போனது. 'முடிஞ்சா நைட்டும் இருங்க' என்றார் சூப்பர்வைசர். முடியவில்லை, முடியாது என்றாள். மறுநாள் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. இந்த ஊரில் 'முடிஞ்சா' என்றால் 'கட்டாயம்' என்று அவளுக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இன்னொருத்திக்கும் அதே கதி வர விடுவதாக இல்லை.

"சார், மத்தியானம் முடிஞ்சா எங்க ஊட்டுக்குச் சாப்பிட வாங்க."

வெள்ளியங்கிரி விழித்தார். "பரவாயில்லீங்க, இருக்கட்டுங்க. ஒரு சோலி இருக்குதுங்க."

"வர மாட்டேன்னுட்டீங்க. உங்களுக்கும் மரியாதை தெரியலைன்னு நான் எடுத்துக்கலாமா?"

"அதெப்படீங்க? நீங்க சாப்பிடக் கூப்புட்டீங்க. நான் சொன்னது வேலைங்களே!"

"அந்த வித்தியாசம் 'முடிஞ்சா'ங்கற வார்த்தையில எங்க சார் இருக்கு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"நீங்க மரியாதையாத்தான் சொன்னீங்க. அவங்க உண்மையத்தான் சொன்னாங்க. சொன்னது உத்தரவுன்னு யாருமே அவங்களுக்குச் சொல்லலை" என்றாள் விஜயராணி. "இப்பவே போன் போடுங்க. நேரடியா சொல்லிப் பாருங்க."

எல்லார் முன்னாலும் பின்வாங்க அவருக்கு மனசு வரவில்லை. செல்போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"டீச்சர், வர்ற ஞாயித்துக்கெழம கிளாஸ் இருக்குதுங்க. முடி..." பாதி வார்த்தையை விழுங்கிவிட்டு, "நீங்க கட்டாயம் வந்தாகோணுமுங்க" என்றார். அதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

"வாரேன் சார்" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "போன வாரமே இப்படிச் சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல?"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. வெள்ளியங்கிரியும் சிரித்துவிட்டார். நாளைக்கு நிறுத்துகிற பேச்சை அதற்கப்புறம் அவர் எடுக்கவே இல்லை. விஜயராணிக்கு நிறைவாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார்.

"அம்மிணி, எங்க ஊட்டுக்குச் சாப்பிட வாங்க. முடிஞ்சா இல்லீங்க. வந்தாகோணும்."