இரண்டாவது ஜெரமையா

அமெரிக்காவின் பியூட் நகரில் செம்புச் சுரங்கத்தில் உழைத்து மறைந்த எங்கள் கொள்ளுத்தாத்தா ஜெரமையா ஹாரிங்டனின் பிறந்த ஊரைத் தேடி, நானும் அக்கா டிம்ப்னாவும் அயர்லாந்துக்கு வந்திருந்தோம். அவருடைய ஞானஸ்நானப் பதிவின் நகல் கையில் இருந்தது: 1869, பெற்றோர் டெனிஸ், ஜூலியா. கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பெற்றோரின் கல்லைக் கண்டுபிடித்தவன் நான்தான். அதன் பாசியைச் சுரண்டியவனும் நான்தான். சும்மா இருந்திருக்கலாம்.

‘மகன் ஜெரமையா, இரண்டு வயதில் இறந்தான்’ என்றது கல்.

“அப்போ பியூட்ல படுத்திருக்கிறது யாருடா? செத்த குழந்தை பேரைத் திருடிக்கிட்டு கப்பலேறின எவனோ ஒருத்தனா?” என்றாள் அக்கா.

ஊரெல்லாம் ஹாரிங்டன் பெருமை பேசித் திரிந்தவன் நான். இனி எந்தப் பெயரில் பேசுவது?

என்னையே உற்றுப் பார்த்த அக்கா திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள்.

“மடையா, உன் பேர் என்ன?”

“டெக்லன்.”

“உனக்கு முன்னாடி பொறந்து செத்தானே ஒரு தம்பி, அவன் பேரு?”

அவனும் டெக்லன்தான். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். பிறந்தது முதல் அண்ணன் பெயரைப் போட்டுக்கொண்டு அலைகிற எனக்கே அது தோன்றவில்லை.

தேவாலயத்துக்கு ஓடிப் பதிவேட்டைப் புரட்டினோம். 1872-இல், அதே டெனிஸ், ஜூலியாவுக்கு இன்னொரு ஆண் குழந்தை: ஜெரமையா.

“நம்ம ஆளுதான்டா!” என்று அக்கா என் முதுகில் ஓங்கி அறைந்தாள்.

நான் திரும்பிப் போய், முதல் ஜெரமையாவின் பெயரில் மிச்சமிருந்த பாசியையும் துடைத்துவிட்டு வந்தேன்.