பிரிக்காமல் வாங்கும் மரியாதை

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சென்னையில் ஒரு பத்திரிகை ஆசிரியர் கட்டுரை கேட்டார். ஒரு நாட்டின் அதிபர் மாறும்போது பழையவரும் புதியவரும் கடைப்பிடிக்கும் மரபுகள், மரியாதைகள் பற்றி யாங்கோனில் இருப்பவர் எழுதினால் சுவையாக இருக்குமாம். சுவையாகத்தான் இருக்கும், அவருக்கு. நான் இந்த ஊரில் பபேடான் பகுதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். கடைக்கு யார் யாரோ வருகிறார்கள். மேசையில் கிடக்கும் தாளை ஒரு கண் பார்க்காமல் போனவர் இதுவரை ஒருவரும் இல்லை.

முதல் தொடக்கம்: "ஒரு நாட்டின் அதிகாரம் கைமாறும் நாளில்

[நிறுத்திவிட்டேன். தாளைக் கிழித்தேன். கிழித்ததை வாளித் தண்ணீரில் ஊறவும் போட்டேன்.]

இரண்டாவது தொடக்கம்: "எங்கள் சங்கத்தின் தலைவர் மாறும் நாளில்". இப்படி எழுதியதும் அடுத்த வரி தானாக வந்தது. நாட்டை விட்டுச் சங்கத்துக்கு இறங்கிவிட்டால் ஆபத்தில்லை என்று நினைத்தேன். எவ்வளவு அசடு நான் என்பது சீக்கிரம் தெரியும்.

2.

கப்பலில் மூட்டை இறக்கவும் ரயில் பாதை போடவும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நடத்தும் சங்கம் இது. மளிகைக் கடைக்கு மேல் மாடி, பதினேழு படி. பன்னிரண்டு வருடமாக நான்தான் செயலாளர். பெயர் சத்யபாமா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலைவர் மாறும்போது எங்களுக்கும் ஒரு மரபு உண்டு. செயலாளர் மஞ்சள் துணியில் கட்டிவைத்த உறுப்பினர் பதிவேட்டைப் போகிறவர் இரண்டு கையாலும் கொடுப்பார். வருகிறவர் இரண்டு கையாலும் வாங்குவார். கொடுத்தவர் கண்முன்னால் முடிச்சை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. மூன்றாம் நாள் புதிய தலைவர் அதே கட்டைச் செயலாளரிடம் கொண்டுவருவார், முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுதிச் சேர்ப்பதற்காக. அவர் படி இறங்கும்வரை நானும் அவிழ்க்கக் கூடாது.

(இந்த மரியாதையை ஏற்படுத்தியவர் யாரென்று தெரியவில்லை. அவர் கொடுத்த கட்டில் என்ன குறைந்திருந்தது என்பதுதான் என் சந்தேகம்.)

3.

பதிவேட்டில் பெயர் இருக்கும், தகப்பன் பெயர் இருக்கும், தெரு இருக்கும், வயது இருக்கும். பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வரை உள்ள ஆண்களைப் படைக்கு எடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு அது வெறும் பதிவேடாக இல்லை. யார் வீட்டில் யார் இருக்கிறான் என்பது அழகான தமிழில் வரிசையாக எழுதி வைக்கப்பட்டிருந்தது. எழுதியவள் நான்.

பதவி விட்டுப் போகும் தலைவர் பொன்னுத்துரை, போன வாரம் ஒரு காலையில் கடைக்கு வந்தார். பழைய பதிவேட்டை ஜெராக்ஸ் மெஷின் மேல் வைத்துவிட்டு, வெளியே தெருவைப் பார்த்தபடி பேசினார்.

"பழசு கிழிஞ்சு போச்சும்மா. புது புக்குல எழுதிரு. எழுதையில எம் பேரன் பேர மட்டும் விட்டுரு."

மட்டும். எத்தனை குடும்பங்களுக்குத் தலைவராக இருந்த மனிதர்! அந்த ஒரு சொல்லில் எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது.

[இங்கே அவரைக் கொஞ்சம் நல்லவராக்கி ஒரு பத்தி எழுதியிருந்தேன். பேரன் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்ததாக. உடையவில்லை. அடித்துவிட்டேன்.]

அவர் பேரனை நீக்கினேன். அடுத்து என் மகன் சிவராஜை நீக்கினேன். பிறகு எதிர்வீட்டுப் பையனின் பெயர் வந்தது, கை நின்றது. அவன் அம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பது? அன்று சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு பேரை நீக்கிவிட்டேன். அந்த வயதில் ஒரே ஒருவனை மட்டும் புதிய பதிவேட்டில் எழுதினேன். செல்வம், வயது பத்தொன்பது. புதிய தலைவர் தனசேகரனின் மூத்த மகன்.

4.

நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. காரணம் சொல்கிறேன்.

தனசேகரன் வார்டு லூஜியோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்ததை இரண்டு முறை பார்த்தேன். (வார்டைக் கவனித்து, படைக்கு ஆள் கணக்கும் எடுக்கும் பெரியவரை இங்கே லூஜி என்போம். உட்காருங்கள் என்று அவர் சொன்னால் யார்தான் உட்காராமல் போவார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.) அடுத்து, பதவிக்கு வருமுன்பே போனில் கேட்டார், பதிவேட்டில் வயதும் எழுதியிருக்கிறதா என்று. எதற்கு அந்தக் கேள்வி? அவருக்கும் என்னைப் போலவே ஒரு பிள்ளை இருக்கிறான், அந்தப் பயத்தில் கேட்டிருக்கலாம் என்ற நினைப்பு வந்தது. தள்ளிவிட்டேன். பட்டியலைக் கொடுக்கிற ஆள் முதலில் தன் பிள்ளையைக் கொடுக்கட்டும் என்று எழுதி முடித்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

பழைய பதிவேட்டைப் பொன்னுத்துரை வாங்கிக்கொண்டு போனார். போட்டாதாங் படகுத்துறையில் ஆற்றில் போட்டுவிட்டதாக மறுநாள் சொன்னார். பார்சல் கட்டி வரும் சணல் கயிற்றைக்கூடச் சுருட்டி வைக்கும் மனிதர். அவர் ஆற்றில் போட்டார் என்பதை நான் நம்பவில்லை.

5.

பதவி மாற்றம் குறை சொல்ல முடியாதபடி நடந்தது. மாலை, பொன்னாடை, கைதட்டல். புதியவர் பழையவருக்குத் தன் கையால் டீ ஊற்றிக் கொடுத்தார். பிறகு மஞ்சள் கட்டு கைமாறியது. தனசேகரன் அதை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு கணம் அப்படியே ஏந்திக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கனமே இல்லையேக்கா."

பொன்னுத்துரை சிரித்தார். நானும் சிரித்தேன். சபையே சிரித்தது, எதற்கென்று தெரியாமல்.

6.

அந்த இரண்டு நாளும் முடிவுகளாக எழுதித் தள்ளினேன்.

முடிவு ஒன்று: தனசேகரன் கட்டை அவிழ்க்கிறார், எல்லாம் புரிகிறது, மகன் பெயரைத் தானே அடித்துவிட்டு எனக்குப் போன் செய்து அழுகிறார். நல்லவர்கள் எல்லோரும் போனில் அழுவதாக எழுதுவது என் கெட்ட பழக்கம். வேண்டாம்.

முடிவு இரண்டு: பதிவேட்டை அவராகக் கொடுக்கவில்லை. வந்து கேட்கிறார்கள், மறுக்க முடியவில்லை. அதில் இருப்பது ஒரே ஒரு பையன். "செல்வத்தைக் கூட்டிக்கொண்டு போன காலையில் அவன் அம்மா

[இதை என்னால் முடிக்க முடியவில்லை.]

முடிவு மூன்று: அவர் அவிழ்க்கவே இல்லை. இதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

7.

இன்று மூன்றாம் நாள். சங்க மாடியில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தனசேகரன் எதிரே இருக்கிறார். நான் கூட்டக் குறிப்பு எழுதுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், அல்லது அப்படி நினைப்பதாகக் காட்டிக்கொள்கிறார்.

கட்டை இரண்டு கையாலும் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கினேன். முடிச்சைப் பார்த்தேன். இரண்டு சுற்று, நுனி உள்ளே செருகல், நான் போடுகிற மாதிரியே. இவ்வளவு அச்சாக என் முடிச்சு போலவே இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"செல்வம் பேரு தனியா நிக்குதுக்கா. துணைக்கு யாராச்சும் வேணும்ல."

கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. வெற்றிலை வாங்கச் சொல்வது போன்ற குரல். அவன் பெயரையும் எடுத்துவிடு என்று கெஞ்சுகிறாரா? துணைக்கு ஆளை எழுதியாகிவிட்டது என்று தெரிவிக்கிறாரா? பழைய பதிவேடு ஆற்றில் இல்லையென்றால், பொன்னுத்துரையிடமிருந்து அதை இவர் வாங்கியிருந்தால், நாற்பத்தொரு பெயரையும் திரும்ப எழுத இரண்டு நாள் தாராளமாகப் போதும். கேட்டுவிடலாம். கேட்டால், நான் செய்ததையும் சொல்ல வேண்டும்.

கட்டு என் முன்னால் இருக்கிறது. அவர் இன்னும் எழுந்து போகவில்லை.

8.

முடிவை நான் எழுதப் போவதில்லை. இந்தக் கட்டை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயந்து தள்ளிவிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். பயம்தான், ஆனால் அது மட்டுமில்லை. "பேரன் பேர மட்டும்" என்ற பொன்னுத்துரையை இந்த எட்டு நாளும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது கட்டை அவிழ்த்தால் என் விரல் நேராக ஒரு வரிக்குத்தான் போகும். அந்த ஒரு பெயர் அதில் இல்லையென்றால் எனக்கு மூச்சு வரும். மற்ற நாற்பது பேரும் இருக்கிறார்களா என்று அதற்கப்புறம்தான் பார்ப்பேன். பார்க்காமலும் போகலாம்.

தனசேகரன் எழுந்துவிட்டார். கும்பிட்டார், நானும் கும்பிட்டேன். செருப்பு மாட்டுகிறார். படி பதினேழு, எண்ணிக்கொள்ளுங்கள். கடைசிப் படி கேட்டதும் அவிழ்க்கலாம்.

இரண்டு கையையும் நீட்டுங்கள். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, அதனால் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். சிவராஜ் என்பது என் மகனின் பெயர் இல்லை. கதைக்காக வைத்தது. உண்மைப் பெயரைக் கடைசிவரை சொல்லமாட்டேன். எந்தப் பையன் என்னுடையவன் என்று தெரியாமல், நீங்கள் எல்லாப் பெயரையும்தான் படித்தாக வேண்டும்.