பசை காயும்வரை

வண்டியில் சத்தம் என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சத்தம் வண்டியில் இருப்பதில்லை, வீட்டில் இருக்கும். பதினெட்டு வருடமாக வண்ணார்பேட்டையில் கடை போட்டு உட்கார்ந்து இதைத்தான் பார்க்கிறேன். காரின் கதவைப் பிரித்து, உள்தகரத்தில் ஷீட் ஒட்டி, அதிர்வை அடக்கி, மறுபடி பூட்டி அனுப்புவது என் தொழில். பெயர் இசக்கிதுரை. வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் என் வேலையில் குறை என்று எவனும் சொன்னதில்லை, நானும் ஒத்துக்கொண்டதில்லை.

ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை காலையில் திசையன்விளையிலிருந்து செல்வமணி வந்தார். அங்கே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நாற்பது வயதிருக்கும், பேச்சு அத்தனை மெல்லிசு. பின் சீட்டில் அவர் மனைவி முத்துராணி இருந்தாள். அவர் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்ட பிறகுதான் அவள் இறங்கினாள். என்ன மரியாதை என்று நினைத்தேன். என் வீட்டுக்காரி இதைப் பார்த்திருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு கிடைத்திருக்காது.

"இவளுக்கு வெளிச்சத்தம் ஆகாது அண்ணாச்சி. தலைவலி வந்துரும். வெளிய உள்ளது உள்ள வரக் கூடாது" என்றார்.

"வராது."

"உள்ள உள்ளதும் வெளிய போகாம இருந்தா நல்லது."

பாட்டை உரக்க வைத்துக் கேட்கிற ஆள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

கடையில் ஒரு பழைய கதவுத் தகரத்தை மாட்டி வைத்திருக்கிறேன். அதில் மூன்றில் ஒரு பங்கு வெறும் தகரம். அடுத்த பங்கில் தார் ஷீட். கடைசியில் பியூட்டைல் ஷீட், ரப்பர் மாதிரி இருக்கும், மேலே அலுமினியத் தாள். தார் ஷீட் நம் ஊர் வெயிலுக்கு இளகி வழியும், வண்டிக்குள் ரோடு போடுகிற வாடை அடிக்கும். பியூட்டைல் அப்படி இல்லை, ஒட்டினால் ஒட்டினதுதான். வாயால் சொல்வதை விட விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் எவருக்கும் விளங்கிவிடும்.

"நீங்களே தட்டிப் பாத்துச் சொல்லுங்கம்மா" என்று அவளிடம் சொன்னேன்.

அவள் செல்வமணியைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். வெறும் தகரத்தைத் தட்டினாள், டங்கென்றது. தார் ஷீட் டொக்கென்றது. பியூட்டைல் பக்கம் சத்தமே இல்லை, சுவரைத் தட்டினது போலத்தான் இருந்தது. அவள் திரும்பவும் முதல் பங்குக்கே வந்தாள்.

"இது நல்லாருக்கு."

"அதுல ஒண்ணும் ஒட்டலையே தாயி."

"அதான்."

செல்வமணி சிரித்தார். "அவ விளையாடுதா. மூணாவதே ஒட்டுங்க அண்ணாச்சி." நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

ஒட்டுவதற்கு முன்னால் ஓர் ஓட்டம் உண்டு. எங்கே அதிர்கிறது என்று தெரியாமல் ஒட்டுவது, வியாதி தெரியாமல் மாத்திரை கொடுக்கிற கதை. வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லிவிட்டு நான் டிக்கிக்குள் சுருண்டு படுத்துக்கொள்வேன். மேல் பலகையை எடுத்துவிட்டால் பின் சீட்டுக்கு நேர் பின்னால் என் தலை இருக்கும். அதிர்கிற இடத்தில் எல்லாம் சாக்பீஸால் கோடு போடுவேன். போனைக் கூடக் கடையிலேயே வைத்துவிட்டுத்தான் போவேன், மணியடித்துக் காதைக் கெடுக்கும்.

முத்துராணியைக் கடையில் உட்காரச் சொன்னேன். "இவ தனியா இருக்க மாட்டா" என்று செல்வமணி அவளைப் பின் சீட்டில் இடது பக்கம் ஏற்றிக் கதவைச் சாத்தினார். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட ரோட்டில் வண்டி ஏறியதும் தகரம் அத்தனையும் கடகடத்தது. அந்தக் கடகடப்புக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"அண்ணாச்சி, திரும்பிப் பாக்காதிய."

டிக்கிக்குள் கிடப்பவன் எங்கே திரும்ப?

"பின் கதவு ரெண்டும் உள்ள இருந்து திறக்காது. சைல்டு லாக் போட்டு வெச்சிருக்காவ. எங்களுக்குப் பிள்ளை கிடையாது." வண்டி குலுங்கும்போது பேசினாள், சமதரையில் வாயை மூடிக்கொண்டாள். "அதை எடுத்து விட்டுருங்க. எனக்கு ஆழ்வார்குறிச்சி ஸ்கூல்ல டீச்சர் வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள சேரணும், அதோட கெடு முடியுது. அன்னைக்கு எங்க அப்பாவுக்குத் தெவசம். அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாவ. போற வழியில ரயில்வே கேட்டு. பாசஞ்சர் வார நேரம் வண்டி நிக்கும். கேட்டுப் பக்கத்துலதான் ஸ்கூல்."

"அம்மா வீட்டுல இறங்கிச் சொல்லலாம்லா?" என்று நானும் முணுமுணுத்தேன்.

"இறங்க விட மாட்டாவ. தலை சுத்தும்னு சொல்லிருவாவ. அம்மாதான் வண்டி ஜன்னல்ல வந்து பாத்துட்டுப் போவா. வேலைக்கு வந்த ஆர்டரையும் அப்படித்தான் கையில திணிச்சா."

"சத்தம் ஆப்பிட்டுச்சா அண்ணாச்சி?" என்று முன்னாலிருந்து செல்வமணி கேட்டார்.

"கிடைச்சிட்டு" என்றேன்.

கடைக்கு வந்து கதவைப் பிரித்தேன். அவள் சொன்னது மெய்தான். கதவின் ஓரத்தில் சைல்டு லாக்கின் குமிழ் கீழே தள்ளியிருந்தது. அவள் கொல்லைப் பக்கம் முகம் கழுவப் போயிருந்த நேரம் செல்வமணி என் அருகே வந்து குந்தினார்.

"அந்தப் பூட்டை அப்படியே விட்டுருங்க அண்ணாச்சி. வெளிய சொல்லக் கூடாது. அவளுக்கு மனசு சரியில்ல. சேரன்மகாதேவி கிட்ட ஓடுத வண்டியில கதவைத் திறந்துட்டா. நான் இல்லைன்னா அன்னைக்கு முடிஞ்சிருக்கும்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவள் சொன்னது உண்மையா, இவர் சொல்வது உண்மையா? நான் பூட்டை எடுத்துவிட்டு, அவள் லாரிக்கு அடியில் விழுந்தால் அந்தப் பாவம் யார் தலையில்? வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வானேன். பூட்டைத் தொடவில்லை. ஷீட்டை ஒட்டி, உருளையால் அழுத்தித் தேய்த்து, கதவை மூடினேன். முத்துராணி முகத்தைத் துடைத்தபடி வந்து என்னைப் பார்த்தாள். நான் உருளையைப் பார்த்தேன்.

நாலு மணிக்கு இரண்டாவது ஓட்டம். நான் மறுபடி டிக்கிக்குள். அதே குண்டும் குழியுமான ரோடு, ஆனால் வண்டி எண்ணெயில் போவது போலப் போனது. வழக்கமாக இந்த இடத்தில் எனக்குக் கர்வம் பொங்கும்.

"ரொம்ப அருமை அண்ணாச்சி" என்றார் செல்வமணி. "இவ மூச்சு விடுதது கூட இப்ப எனக்குக் கேக்கு."

முத்துராணி ஒரு வார்த்தை பேசவில்லை. இனி இந்த வண்டிக்குள் அவள் யாரிடமும் ஒன்றும் பேச முடியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கடகடப்பைத்தான் நான் நாள் முழுக்க உட்கார்ந்து அடைத்திருக்கிறேன்.

பைபாஸில் ஒரு மருந்துக்கடை முன்னால் வண்டி நின்றது. "இவளுக்குத் தலைவலி மாத்திரை வாங்கிட்டு வாறேன்" என்று செல்வமணி இறங்கினார். சாவியை எடுத்துக்கொண்டார். வெளியிலிருந்து சாவியின் பொத்தானை அமுக்கினார். நாலு கதவும் ஒரே நேரம் கிளுக்கென்றது.

ஏசி நின்று இரண்டு நிமிடத்தில் டிக்கித் தகரம் சுடத் தொடங்கியது. கண்ணாடியெல்லாம் கறுப்பு வலை. வலைக்கு அந்தப் பக்கம், கை எட்டுகிற தூரத்தில், ஒருவர் நுங்கு சீவிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். கண்ணாடியில் தட்டினேன். அவர் அடுத்த காயை எடுத்தார். ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடித்த மாதிரி கேட்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது. மூச்சு முட்டியது. கையால், காலால், முழங்கையால் இடித்துக் கத்தினேன். நான் ஒட்டிய ஷீட் ஒவ்வொரு இடியையும் விழுங்கியது.

"கத்தாதிய அண்ணாச்சி" என்றாள் முத்துராணி. குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "வெளிய கேக்காது. வேர்வைதான் வரும். முதுகு எதுலயும் படாம இருந்தியன்னா கொஞ்சம் பரவாயில்ல."

"எப்பவும் இப்படியாம்மா?"

"மருந்துக்கடைன்னா கால் மணி நேரம். பேங்குன்னா கூட ஆகும்."

"முன் சீட்டுக்குத் தாவி இறங்கலாம்லா?"

"ஒரு தடவை தாவினேன். அலாரம் அடிச்சுட்டு. ஓடி வந்துட்டாவ."

"ஓடுத வண்டியில கதவைத் திறந்தியாமே. சேரன்மகாதேவியில."

"ஓடல. நின்ன வண்டி. பேங்கு வாசல்ல முக்கால் மணி நேரம் நின்னுச்சு. தாங்க முடியாமத் திறந்தேன். அதுக்கப்புறம்தான் பின்னால பூட்டு."

நான் கத்திக்கொண்டிருக்கிறேன், அவள் எனக்கு வெயிலில் உட்காரும் விதம் சொல்லித் தருகிறாள். அந்த நிதானத்தை யாரும் நடித்துவிட முடியாது. பலநாள் பழகினால்தான் வரும்.

செல்வமணி வந்து கதவைத் திறந்தார். "அடடா, நீங்க உள்ள இருந்ததே மறந்துபோச்சு அண்ணாச்சி" என்றார், அதே மெல்லிய குரலில். என்னை மறந்திருக்கலாம். அவளை மறக்கவில்லை.

கடைக்குத் திரும்பியதும், "ஒரு சத்தம் இருக்கு" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"இருக்கு. இடது பின் கதவு. என் வேலைதான் தப்பு. அரை மணி நேரம் கொடுங்க."

பதினெட்டு வருடத்தில் என் வாயிலிருந்து வராத சொல். கதவைப் பிரித்தேன். சைல்டு லாக்கை உள்ளே பிடித்திருக்கும் சின்ன நாக்கை மடக்கிவிட்டேன். இனி ஓரத்திலுள்ள குமிழ் மேலே போகும், கீழே வரும், உள்ளே ஒன்றும் நடக்காது. உள்ளே இருந்து கைப்பிடியை இழுத்தால் கதவு திறக்கும். பிறகு, கைப்பிடியிலிருந்து பூட்டு வரை போகிற கம்பி முழுவதும் நல்ல ஃபோமாகத் தேர்ந்தெடுத்துச் சுற்றினேன். காலையிலிருந்து ஒட்டியதெல்லாம் ஓட்டுகிறவருக்காக. இது ஒன்றுதான் பின் சீட்டுக்காக. இழுத்துப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் திறந்தது.

வலது கதவையும் செய்திருப்பேன். அதற்குள் செல்வமணி எழுந்து வந்துவிட்டார். நேராக இடது கதவின் ஓரத்தில் விரலை வைத்துக் குமிழைத் தடவினார். அது கீழேயே இருந்தது. அவருக்குத் திருப்தி.

"பசை காயணும்" என்று அவரைப் பார்த்துச் சொன்னேன். "திங்கக்கிழமை காலை வரைக்கும் பின் கதவு உள்கைப்பிடியை யாரும் தொட்டுராதிய. முன்னாடியே இழுத்தா எல்லாம் கெட்டுப்போகும்."

"இது தானா ஒட்டுத ஷீட்டுல்லா, இதுக்கு எதுக்குப் பசை?" என்று கேட்டார். பசை விற்கிற கடைக்காரரிடம் போய்ப் பசைக் கதை சொல்லியிருக்கிறேன்.

"ஓரத்துக்கு வேற பசை போட்டிருக்கேன்."

அவர் சாவியைக் கையில் எடுத்தார். "இவ தொட மாட்டா" என்றார்.

"எத்தனை மணிக்குக் காயும் அண்ணாச்சி?" என்று கேட்டாள் முத்துராணி.

"பத்துக்குள்ள காஞ்சிரும் தாயி."

அவள் இடது பக்கம் ஏறினாள். கதவை அவர் சாத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு வீடு கொள்ளவில்லை. திங்கட்கிழமை அவளை வலது பக்கம் உட்கார வைத்தால்? பாசஞ்சர் தாமதமாகி கேட் திறந்தே கிடந்தால்? அவருக்குச் சந்தேகம் வந்து தானே கைப்பிடியை இழுத்துப் பார்த்தால்? டிக்கிக்குள் கிடந்த அந்தக் கால் மணி நேரம் முடியவே இல்லை போலிருந்தது. வீட்டுக்காரி ஃபேனைக் கூட்டி வைத்தாள். வேர்வை நிற்கவில்லை.

திங்கட்கிழமை கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பத்து அடித்தது. பத்தே கால். பத்தரைக்குப் போன் வந்தது. செல்வமணி.

"அண்ணாச்சி, பின் கதவு திறந்துக்கிட்டு."

"எங்கன வெச்சு?"

"ஆழ்வார்குறிச்சி கேட்டுல. கதவு திறந்த சத்தமே எனக்குக் கேக்கல. திடீர்னு ரயில் சத்தம் உள்ள வந்துச்சு. திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம்."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை அவருக்குக் காட்டிக்கொள்ளாமல் விழுங்கினேன்.

"இப்ப எங்கன நிக்கிய?"

"ஸ்கூல் வாசல்ல. கையெழுத்துப் போட்டு கிளாஸுக்குப் போயிட்டாளாம். வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிட்டான். கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்கான்." அதுவரை நான் கேட்டிராத அளவுக்கு அவர் குரல் உயர்ந்தது. "வண்டியை என்னவே செஞ்ச?"

"கத்தாதிய அண்ணாச்சி" என்றேன். "உள்ள கேக்காது. வேர்வைதான் வரும்."