நாலு தலையணைப் பஞ்சு

வைகாசி கடைசி வெள்ளிக்கிழமை. ஜன்னல்களை அடைத்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, நிலோஃபர் இலவம்பஞ்சு மூட்டையின் வாயை அவிழ்த்தாள். கொல்லையில் நிற்கும் மரத்துப் பஞ்சு. காய்களைப் பறித்து, மொட்டைமாடியில் காயவைத்து, ஒரு வாரம் உட்கார்ந்து கொட்டை எடுத்தது. ஆனி பிறந்து மேல்காற்று கிளம்பிவிட்டால் பஞ்சு வேலை நடக்காது. உழைத்ததெல்லாம் மேலப்பாளையத்துத் தெருவெங்கும் பறந்து எதிர்வீட்டுக் குழம்பில் போய் விழும். அதனால் வேர்த்து ஒழுகினாலும் கதவைச் சாத்திக்கொண்டு இந்த மாதமே முடித்துவிட வேண்டும். வருஷத்தில் அவளுக்கு ஆசை ஆசையாய் வருகிற வேலை இது ஒன்றுதான். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, கொஞ்சநேரம் அப்படியே வைத்திருப்பாள். எதையும் தொடுகிற மாதிரியே இருக்காது, ஆனால் கை கதகதவென்றிருக்கும்.

கோடு போட்ட மெத்தைத் துணியில் நாலு உறை தைத்து வைத்திருந்தாள். காயல்பட்டினத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கும் மருமகனுக்கும் இரண்டு, சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. கணவர் ஷமீமுக்குத் தைக்கவில்லை. மறந்து போய் அல்ல.

ஷமீமின் தலையணை தனிக்கதை. சவூதியில், தம்மாமில் இருபத்திரண்டு வருஷம் இருந்த மனுஷர். லீவில் வரும்போது அந்தத் தலையணை பீரோவின் மேல்தட்டிலிருந்து இறங்கும். அவர் விமானம் ஏறியதும் இரண்டு பாச்சை உருண்டையோடு மறுபடி மேலே ஏறும். ஒரு தடவை, "இனி போக மாட்டேன்" என்று வந்து இறங்கினார். அந்தச் சந்தோஷத்தில்தான் அந்தத் தலையணையையே அவள் தைத்தாள். நாலாம் மாதம் கிளம்பிவிட்டார். இன்னொரு தடவையும் அதே பேச்சு, அதே கிளம்பல். இப்போது பங்குனியில் மூன்றாம் முறையாக அதே பேச்சோடு வந்திருக்கிறார். இன்னும் எந்த சுவிட்சுக்கு எந்த விளக்கு எரியும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவளுந்தான் என்ன, காலையில் ஒரு டம்ளர் டீ போட்டுக் குடித்துவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு இன்னொன்று போடுகிறாள்.

போன திங்கட்கிழமை தம்மாமிலிருந்து நூகு கூப்பிட்டார். கூட வேலை பார்த்தவர். ஷமீமுக்கு ஸ்பீக்கரில் போட்டால்தான் பேசவரும். அடுப்படியில் நின்றவளுக்கும் எல்லாம் கேட்டது. "மச்சான், கம்பெனியில ஒன்னயத் திரும்பக் கூப்பிடுதாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு பதில் சொல்லிரு." ஷமீம், "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். அவர் யோசிப்பதை நாலு நாளாக அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். போகாதீங்க என்று சொல்லிவிட வாய் துடித்தது. இதற்கு முன் இரண்டு தடவை சொல்லி என்ன ஆயிற்று என்று நினைத்ததும் வாய் மூடிக்கொண்டது.

மூட்டையைப் பிரித்த பிறகுதான் தையல் நூல் போதாது என்று தெரிந்தது. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த ஷமீமிடம், "ஃபேன மட்டும் போட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டு பஜாருக்குப் போனாள். போன இடத்தில் தெரிந்தவர்கள் இரண்டு பேர். பேச்சு நீண்டுவிட்டது.

திரும்பி வந்து கதவைப் பைய நீக்கி உள்ளே நுழைந்தாள். பனியனும் இடுப்பில் சாரமுமாக ஷமீம் தரையில் உட்கார்ந்திருந்தார். தாடி, புருவம், கை எல்லாம் பஞ்சு. நாள் முழுக்க வேலை செய்தவர் மாதிரி முகத்தில் ஒரு களை. எதிரே ஒரே ஒரு தலையணை. மூட்டை தட்டையாகக் கிடந்தது.

"மீதிப் பஞ்சு எங்க?"

"எல்லாம் உள்ளதான் இருக்கு. ஒரு இடுக்கு விடல பாத்துக்கோ."

நிலோஃபர் அதைத் தூக்கிப் பார்த்தாள். நாலு தலையணைப் பஞ்சும் ஒன்றுக்குள் இருந்தது. விரலால் தட்டினாள், அரிசி மூட்டையைத் தட்டினது போல இருந்தது. முழங்காலை வைத்து அமுக்கி அமுக்கி அடைத்து, கோணி ஊசியால் இரட்டைத் தையல் போட்டிருந்தார். அந்தத் தையலை அவளுக்குத் தெரியும். ஊருக்குக் கொண்டுவரும் அட்டைப்பெட்டிகளைத் துணி சுற்றி அவர் இப்படித்தான் தைப்பார். லேசில் பிரிக்க வராது.

"ஃப்ளைட்ல முப்பது கிலோவுக்கு மேல ஏத்த விடமாட்டான்லா, நிறுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். ஷமீம் முதலில் விழித்தார். பிறகு அவரும் சிரித்தார்.

"பெட்டி கட்டிக் கட்டிப் பழகின கை" என்றார். "எடம் விட்டு வைக்க எனக்குத் தெரியாதுளா."

இருவரும் உட்கார்ந்து தையலைப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து பஞ்சு மூச்சு விட்டுக்கொண்டு எழும்பியது. அவள் கொஞ்சங்கொஞ்சமாக எடுத்து உதறிக் கொடுக்க, அவர் உறைகளில் நிரப்பினார். "அமுக்காதீங்க. அதும்பாட்டுக்கு விழட்டும்" என்று நாலைந்து தடவை சொல்லவேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் யாருக்கு என்று கேட்டுக்கொண்டே வந்தவர் நாலாவதில் நின்றார்.

"எனக்கு?"

"ஒங்களுக்குத்தான் ஒண்ணு இருக்கே."

ஷமீம் எழுந்து போய்க் கட்டிலிலிருந்து அந்தத் தலையணையைக் கொண்டுவந்தார். இரண்டரை மாதமாகியும் பாச்சை உருண்டை வாடை போகவில்லை. "இதுல தலைய வச்சா, விடிஞ்சா ஏர்போர்ட்டுக்குப் போகணுங்கற மாதிரியே இருக்கு. நல்ல தூக்கம் வரமாட்டேங்கு." அதை அவள் மடியில் வைத்தார். "இதையும் பிரிச்சிரு."

வந்த லீவிலெல்லாம் அவர் தூக்கம் வராமல் கிடந்திருக்கிறார், அவள் தினமும் அதைத் தட்டித் தட்டிப் போட்டிருக்கிறாள். கத்தரிக்கோலை எடுத்தவள் வெட்டவில்லை.

"பிரிச்சதுக்கப்புறம் நீங்க போயிட்டீங்கன்னா? அடுத்த லீவுக்கு வரும்போது நான் எதை எடுத்துப் போடுவேன்?"

நாலு நாளாகத் தொண்டையில் நின்றது இந்த வடிவத்தில்தான் வெளியே வந்தது. ஷமீம் தலையணையின் இரண்டு முனைகளையும் பிடித்து, வெட்டத் தோதாக இழுத்துக் கொடுத்தார். அவள் வெட்டினாள். பழைய பஞ்சு கட்டிகட்டியாக விழுந்தது.

அப்போது தரையில் கிடந்த போன் அதிர ஆரம்பித்தது. நூகு. போனைச் சுற்றிக் கிடந்த பஞ்சுத் துணுக்குகள் நடுங்கின. ஷமீம் தன் இரண்டு கைகளையும் பார்த்தார், அவள் கைகளையும் பார்த்தார்.

"கையெல்லாம் பஞ்சு" என்றார்.

அது அடித்து அடித்து ஓய்ந்தது. பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. பாங்கு முடியும்வரை இருவரும் கட்டிகளைப் பிய்த்துப் புதுப்பஞ்சோடு கலந்தார்கள். எது பழசு, எது புதுசு என்று தெரியாமலாயிற்று.

"கதவத் தொறக்கட்டா? வேர்த்துக் கொட்டுது."

"இருங்க, எல்லாம் பறந்துரும். இன்னும் ஒரு உறை இருக்கு."

தையல் மிஷினுக்கு அடியில் கையைவிட்டு ஒரு துணியை எடுத்தாள். அதே கோடு போட்ட மெத்தைத் துணி. பத்து நாளைக்கு முன்பே அளந்து வெட்டி, தைக்காமல் மடித்து வைத்தது. ஷமீம் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வந்து துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நிலோஃபர் மிதிக்கத் தொடங்கினாள். மிஷின் அதிர்ந்ததில் எங்கிருந்தோ ஒரு துணுக்கு எழும்பி, போக இடமில்லாமல் அந்த அடைத்த அறைக்குள் சுற்றிவிட்டு, போனின் மேல் இறங்கியது.