பிடுங்க வேண்டாம் என்ற டாக்டர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒருரோ என்கிற மலையூரில், ஒரு பல் டாக்டரின் வாசலில். கடைவாயைப் பிடித்துக்கொண்டு என் முறைக்காகக் காத்திருந்தேன். உள்ளேயிருந்து வந்த பெண் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். ஒரே நிபந்தனை போட்டாள்: "என் பேர மட்டும் மாத்திடாதீங்க. பயந்துட்டேன்னு நினைப்பாங்க."

மாற்றிவிட்டேன்; இங்கே அவள் டெல்மிரா. ஆகவே நீங்கள் என்னைச் சந்தேகிப்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

2

முதல் வரிக்கு மூன்று தடவை முயன்றேன்.

கார்னவால் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பனிக்காலக் காலை—

(நடந்தது நவம்பரில். பூமியின் இந்தத் தென்பாதியில் அப்போது ஏது பனிக்காலம்? அடித்தாயிற்று.)

பொறாமை என்பது மனித மனத்தின்—

(கட்டுரை வாடை. இதுவும் போயிற்று.)

டெல்மிரா கோப்பாவின் முன்பல்லை ருஃபினோவின் முழங்கை உடைத்தது.

இதிலும் தப்பு இருக்கிறது. பேண்ட் ஒத்திகையில் வரிசை திரும்பும்போது அவன் முழங்கை அவள் ட்ரம்பெட்டில் பட்டது. ட்ரம்பெட் அவள் வாயில் இடித்தது. பல் விழவில்லை. ஈறுக்குள்ளே வேர்தான் இரண்டாக ஒடிந்தது. வெளியே தெரிந்தது கொஞ்சம் ரத்தமும் லேசான ஆட்டமும்தான்.

டெல்மிரா ஆறு வருஷமாக அந்த பேண்டின் முதல் ட்ரம்பெட். கார்னவாலில் பேய் வேஷம் கட்டி ஆடுகிறவர்களை ஊர் முழுக்க இழுத்துப் போவது அவள் ஊதும் ஊதல்தான். ருஃபினோ இரண்டாவது ட்ரம்பெட். அவள் இல்லையென்றால் அவன்.

"ஐயோ அக்கா, பாக்கலக்கா!" என்றானாம்.

[அப்போது அவன் முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "கர்சீப்பால வாயப் பொத்திட்டிருந்தேன். மூஞ்சிய எங்க பாக்கறது?" என்றாள். கதையின் பெரிய ஓட்டை அதுதான். இட்டுக்கட்டி அடைக்க எனக்கு மனம் வரவில்லை.]

3

டாக்டர் இரியார்த்தே எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"பிடுங்க வேண்டாம். ஈறைக் கிழிக்கவும் வேண்டாம். ஒடிஞ்ச துண்டு இடம் மாறாம உட்கார்ந்திருக்கு. பக்கத்துப் பல்லுகளோட மெல்லிசா ஒரு கம்பி ஒட்டறேன், நாலு வாரம் இருக்கட்டும். மிச்சத்த உடம்பு பாத்துக்கும்."*

"எப்ப ஊதலாம்?"

"நாலு மாசம் போகட்டும்."

டெல்மிரா விரல் மடக்கினாள். மூன்றாவது விரலிலேயே கார்னவால் வந்துவிட்டது.

"கத்தி கிடையாது, தையல் கிடையாது, சும்மா இருந்தா சரியாயிடும். அப்புறம் டாக்டர் எதுக்கு?"

"உங்கள சும்மா இருக்க வைக்கத்தான்."

மறுமுறை வாத்தியத்தின் வாய்முனையைக் கொண்டுவரச் சொன்னார். உதட்டில் வைத்துக் காட்டச் சொல்லி, அழுத்தம் எந்தப் பல்லில் விழுகிறது என்று குனிந்து பார்த்தார். குளிர்ந்த பஞ்சைத் தொட்டுவைத்து, பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று சோதித்தார்.

* எல்லா ஒடிந்த வேரும் இப்படி ஆறாது. எங்கே ஒடிந்தது என்பதைப் பொறுத்தது. கதையை நம்பி யாரும் சும்மா இருந்துவிட வேண்டாம்.

4

கடிக்கக் கூடாதென்பதால் தங்கை கிளாடிஸ் ஊதா நிறச் சோளக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"எந்த டாக்டரு?"

"இரியார்த்தே."

ஆற்றிய கை நின்றது. "அடிப்பாவி! அவரு பொண்டாட்டி யாரு தெரியுமா? ருஃபினோவோட கூடப் பொறந்தவ. மச்சினன் இடிப்பானாம், மாமா ஊதாதேன்னுவாராம். நல்ல குடும்பம்டி!"

(கதைக்கென்றே தைத்த மாதிரி ஓர் உறவு. எனக்கே சந்தேகம் வந்து விசாரித்தேன். நிஜம்தான்.)

மறுநாளே டெல்மிரா பெருநகரமான லா பாஸுக்கு பஸ் ஏறினாள். அங்கே பெரிய டாக்டர் ஒருவர், பெரிய சிரிப்பு. "பிடுங்கிடுவோம். பின்னால எலும்புல திருகு வச்சுப் புதுப் பல்லு. அதுவரைக்கும் மாட்டிக் கழட்டற பல்லு தர்றேன். கார்னவால்ல ஜம்முனு ஊதுங்க!" குளிர்ந்த பஞ்சு கிடையாது. படத்தை ஒரு பார்வை, அவ்வளவுதான். கையைக் கழுவிக்கொண்டே, "என்ன ஊதறீங்க, புல்லாங்குழலா?" என்று கேட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு அழுகை முட்டியது, வலியால் அல்ல. தான் கேட்க ஆசைப்பட்டதைச் சொன்னவர் தன் வாயைப் பார்க்கவே இல்லை. பார்த்தவரோ நம்ப முடியாதவர். ஊர் வந்து சேர்வதற்குள் முடிவெடுத்துவிட்டாள்: கம்பி இருக்கட்டும், சந்தேகமும் இருக்கட்டும்.

5

கார்னவாலன்று ருஃபினோ முன்னால் போனான். அவள் கூட்டத்தில் நின்று கேட்டாள். "ரெண்டு இடத்துல பிசிறடிச்சிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். படுபாவி, நல்லா ஊதினான்."

நான்காம் மாதம் புதுப் படம் எடுத்தார்கள்.

"ஒட்டிருச்சா, டாக்டர்?"

"எலும்பா ஒட்டல. நடுவுல சதை வளந்து பிடிச்சிருக்கு. இந்தக் கோடு படத்துல எப்பவும் தெரியும். ஆனா பல்லு நிக்கும். உயிரும் இருக்கு. இனி கொஞ்சம் கொஞ்சமா ஊதுங்க."

"ருஃபினோ உங்க மச்சினன்னு முதல்லயே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இங்க வந்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்போ இந்தப் பல்லு?"

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

6

முடிவுக்கு வருவோம். ருஃபினோ ஒப்புக்கொள்வதாக எழுதிப் பார்த்தேன்: "ஆமாங்க, நான் வேணும்னுதான்—" அதற்குமேல் நகரவில்லை. இருவரும் சமாதானமாவதாக எழுதினேன். படித்துவிட்டு எனக்கே கூச்சமாக இருந்தது.

கடைசியில் அவனையே போய்ப் பார்த்தேன்.

"எத்தன பேருதாங்க இதையே கேப்பீங்க? வேணும்னு இடிக்கல."

எழுந்துவிட்டேன். அவன் தானாகவே சொன்னான்:

"ஆனா அக்கா வாயில ரத்தத்தப் பாத்ததும், மனசுல முதல்ல வந்தது வருத்தமில்லங்க."

இது டெல்மிராவுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி வரிசையில் நிற்கப் போகிறாள், அவனுக்குப் பக்கத்தில். நான் அவனைப் பார்க்கப் போனது எப்படியோ அவள் காதுக்குப் போயிருக்கிறது. இன்று வந்து கேட்பதாகச் சொல்லியனுப்பியிருக்கிறாள். அவன் சொன்னவை இரண்டு வாக்கியங்கள். முதலாவதை மட்டும் சொன்னால் அது பொய்யில்லை. இரண்டையும் சொன்னால் அது—

வாசலில் ஆள் வந்துவிட்டது. நான் இன்னும் இந்த வரியை எழுதி முடிக்கவில்லை. எல்லாம் உங்களுக்கும் தெரியும். நீங்கள் போய்க் கதவைத் திறங்கள்.